முகம் பெற்ற நலமும் மனம் பெற்ற கடனும்

முகப்பருவால் எவரும் இறப்பதில்லை. அதனாலேயே அது தரும் துன்பத்துக்கு மதிப்பும் இல்லை. காய்ச்சலில் கிடப்பவரைப் பார்க்க வருவோர் கையில் பழத்தோடு வருகிறார்கள். பருவோடு இருப்பவரைப் பார்க்க வருவோர் வாயில் அறிவுரையோடு வருகிறார்கள். எண்ணெய்ப் பலகாரத்தை நிறுத்து, இரவில் நேரத்தோடு உறங்கு, வயிற்றைச் சுத்தமாக வைத்துக்கொள், கண்டதையும் நினைக்காதே என்று அவர்கள் கூறும் ஒவ்வொன்றிலும் ஒரு குற்றச்சாட்டு மறைந்திருக்கிறது. நோயாளி அங்கே குற்றவாளி ஆகிவிடுகிறார்.

நமக்கு இந்த அனுபவம் நெடுநாள் உண்டு. கல்லூரிப் படிப்பு முடிந்து, வேலைக்குச் சென்று, உடன் படித்தவர்களின் பிள்ளைகளுக்குப் பெயர் சூட்டும் விழாக்களுக்குப் போகத் தொடங்கிய பின்னும் நம் முகத்தை விட்டுப் பரு அகலவில்லை. வயது வந்தால் போய்விடும் என்றார்கள். வயது வந்தது, பரு போகவில்லை. திருமணம் ஆனால் சரியாகிவிடும் என்றார்கள், அதுவும் ஆனது. மஞ்சள், வேப்பிலை, சந்தனம், முல்தானி மட்டி, பற்பசை என்று நம் வீடுகளில் வழங்கும் அத்தனையும் அந்த முகத்தின்மேல் ஏறி இறங்கின. விழாக்களில் புகைப்படம் எடுக்கும் நேரத்தில் பின்வரிசையின் ஓரத்தில் நிற்கப் பழகினோம். பேருந்தில் மோசமான கன்னத்தைச் சன்னல் பக்கம் வைத்து அமரப் பழகினோம். பேசுகிறவர் நம் கண்களைப் பார்க்காமல் தாடையைப் பார்ப்பதைக் கண்டும் காணாததுபோல் இருக்கப் பழகினோம்.

முகத்துக்கு மருந்து தேடுவது வீண்பெருமை ஆகாதா என்று ஒருவர் கேட்கலாம். பெருமையை விரும்புகிறவர், பிறர் தம்மை நோக்க வேண்டும் என்று விரும்புகிறார். பரு உள்ளவர் விரும்புவதோ, தம் முகத்தை ஒரு மணி நேரமாவது தாமே மறந்திருக்க வேண்டும் என்பதைத்தான். நலமாக உள்ள பல்லை எவரும் நினைப்பதில்லை. வலிக்கும் பல் நாள் முழுவதும் நினைவில் நிற்கிறது. முகமும் அவ்வாறே. ஓயாமல் தன்னையே எண்ணிக்கொண்டிருப்பதிலிருந்து விடுபட விரும்புவதைத் தற்பெருமை என்பது பொருந்தாது. ஆகவே அந்தக் கேள்வியை இத்துடன் விடுவோம். நாம் இங்கே எண்ணிப் பார்க்க விரும்பும் கேள்வி வேறு. அது மருந்து பலித்த பிறகு எழுந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தோல் மருத்துவரிடம் சென்றோம். அவர் எழுதித் தந்தது டிரெட்டினாயின் என்னும் களிம்பு, அளவு 0.025 விழுக்காடு. வைட்டமின் 'ஏ'யிலிருந்து பிறக்கும் ஓர் அமிலம் அது. பின்னாளில் வந்த அடாபலின் முதலியவற்றோடு சேர்த்து இவற்றை ரெட்டினாய்டுகள் என்கிறார்கள். மருத்துவர் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் படம் வரைந்து விளக்கினார். மயிர்க்காலின் உட்சுவரிலிருந்து உதிரும் செல்கள் வெளியேறாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அதன் வாயை அடைத்துவிடுகின்றன. உள்ளே சுரக்கும் எண்ணெய் தேங்குகிறது. அங்கே கிருமி பெருகி, வீக்கமும் சீழும் உண்டாகின்றன. இந்த மருந்து அச்செல்கள் ஒட்டிக்கொள்வதைத் தடுக்கிறது. தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் வேகத்தையும் கூட்டுகிறது. அதனால் அடியில் மறைந்து கிடக்கும் பருக்களும் முன்கூட்டியே மேலே வந்துவிடக்கூடும். இவ்வளவையும் கூறிவிட்டு அவர் சொன்னார்:

"முதல் ஒரு மாசம் இப்ப இருக்கிறதைவிட அதிகமாத்தான் தெரியும். எரியும், உரியும், சிவக்கும். என்னைத் திட்டிக்கிட்டேதான் போடுவீங்க. தாங்க முடியலைன்னா நிறுத்திட்டு வாங்க, யோசிப்போம். தாங்க முடிஞ்சா மூணு மாசம் கழிச்சு வாங்க."

அவர் கூறியபடியே எல்லாம் நடந்தது. ஒளி பட்டால் மருந்து சிதைந்துவிடும் என்பதால் இரவில் மட்டுமே பூசினோம். முகம் கழுவி, ஈரம் முழுவதும் உலரும்வரை அரைமணி நேரம் காத்திருந்து, முகம் முழுமைக்கும் ஒரு பட்டாணி அளவு. அதற்கு மேல் இல்லை. முதல் வாரம் ஒன்றும் நேரவில்லை. இரண்டாம் வாரத்தில் வாயோரமும் மூக்கின் இருபுறமும் தோல் உரியத் தொடங்கியது. தண்ணீர் பட்டாலும் எரிந்தது. வெயிலில் சிறிது நடந்தாலே கன்னம் காந்தியது. நான்காம் வாரத்தில், அதுவரை பரு வந்திராத நெற்றியிலும் பரு வந்தது. "அந்த மருந்தைத் தூக்கிப் போடு" என்று வீட்டில் சொன்னார்கள். நாம் போடவில்லை. எட்டாம் வாரத்தில் புதிய பருக்கள் குறைந்தன. மூன்று மாதம் நிறைந்தபோது, காலையில் எழுந்ததும் கன்னத்தைத் தடவிப் பார்க்கும் பழக்கம் நம்மை அறியாமலே நின்றுபோயிருந்தது. பழைய குழிகள் இன்றும் இருக்கின்றன. அவற்றை இந்தக் களிம்பு நிரப்பவில்லை. ஆயினும் நம் முகத்தை மறந்திருக்கும் உரிமை நமக்குக் கிடைத்தது.

அந்த மூன்று மாத எரிச்சலை நாம் எவ்வாறு பொறுத்தோம்? நம் பொறுமையின் சிறப்பால் அன்று. எரிச்சல் வரும் என்று முன்னரே நமக்குச் சொல்லப்பட்டிருந்தது. அது ஏன் வருகிறது என்பதும் சொல்லப்பட்டிருந்தது. எந்த இரவிலும் அதை நிறுத்திவிடும் உரிமை நம் கையில் இருந்தது. நிறுத்தினால் நாம் இழப்பது ஏதுமில்லை. இந்த மூன்றும் இருந்தமையால் அந்த எரிச்சல் நம்முடையதாக இருந்தது. இம்மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் அதே எரிச்சல் ஒரு கொடுமையாகத் தோன்றியிருக்கும்.

நலம் பெற்றவர், தம்மை நலப்படுத்திய மருந்தைக் கண்டவர் யார் என்று அறிய விரும்புவது இயல்பு. நாமும் விரும்பினோம். இந்த அமிலம் 1946 இல் நெதர்லாந்து நாட்டு வேதியியலாளர்களால் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கப்பட்டது. 1960களின் தொடக்கத்தில் ஜெர்மானியத் தோல் மருத்துவர் குந்தர் ஸ்டுட்கென் இதைத் தோலின்மேல் பூசி ஆராய்ந்தார். பருவுக்கு இது மருந்தாகும் என்பதை 1969 இல் ஆய்வுக் கட்டுரை வாயிலாக நிலைநாட்டியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மேன். 1971 இல் அமெரிக்க அரசு அதற்கு ஒப்புதல் வழங்கியது. 'ரெட்டின்-ஏ' என்னும் பெயரில் அது உலகெங்கும் சென்றது; மருத்துவருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் மருந்து நிறுவனத்துக்கும் பெரும் பொருள் ஈட்டித் தந்தது.

இந்த வரலாற்றின் நடுவே ஒரு சிறைச்சாலை நிற்கிறது. பிலடெல்பியா நகரத்தின் ஹோம்ஸ்பர்க் சிறை அது. கைதிகளிடையே பரவிய பாதப்படை நோயைக் காண்பதற்காக 1951 இல் கிளிக்மேன் அங்கே அழைக்கப்பட்டார். உள்ளே சென்றவருக்குத் தம் கண்முன் தெரிந்தது ஏக்கர் கணக்கான தோல் என்றும், வளமான வயலை முதன்முதலாகக் காணும் உழவனின் நிலையில் தாம் இருந்ததாகவும் 1966 இல் ஒரு செய்தித்தாளுக்கு அவரே கூறினார். அன்று தொடங்கி 1974 வரை அச்சிறையில் ஆய்வுகள் நடந்தன. கைதிகளின் முதுகில் கட்டம் கட்டமாக ஒட்டுத்துணிகள் ஒட்டி, சோப்பும் நறுமணப் பொருள்களும் அழகுப் பொருள்களும் மருந்துகளும் சோதிக்கப்பட்டன. 1960களில் டயாக்சின் என்னும் கொடிய நச்சுப்பொருள் சிலர் தோலில் பூசப்பட்டது. அமெரிக்கத் தரைப்படைக்காக மனத்தைக் குலைக்கும் வேதிப்பொருள்களும் அங்கே சோதிக்கப்பட்டன. நம் முகத்தை நலமாக்கிய அமிலமும் அச்சிறைக் கைதிகளின் தோலில் சோதிக்கப்பட்டே உருவானது.

அவர்களுள் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். பலர் தண்டனை பெற்றவர்கள் அல்லர். பிணையில் வெளிவரப் பணம் இல்லாமல், வழக்கு விசாரணைக்காகக் காத்துக் கிடந்தவர்கள். ஆய்வுக்கு உடலைத் தந்தால் சிறையின் மற்ற வேலைகளைவிடக் கூடுதலாகக் காசு கிடைத்தது. தம் உடலில் பூசப்படுவது என்ன என்பது பலருக்குச் சொல்லப்படவில்லை. 1998 இல் ஆலன் ஹார்ன்ப்ளம் எழுதிய 'ஏக்கர்ஸ் ஆஃப் ஸ்கின்' என்னும் நூல் இவற்றை விரிவாக வெளிக்கொணர்ந்தது. அந்த ஆய்வுகள் அக்காலத்து மருத்துவ வழக்கத்துக்கு ஒத்தவையே என்பதுதான் 2010 இல் இறக்கும்வரை கிளிக்மேன் கூறிய விடை.

இப்போது நம் கேள்வியைக் கேட்போம். இவ்வாறு பிறந்த ஒரு நன்மையை மனச்சான்று உள்ளவர் ஏற்றுக்கொள்ளலாமா?

வேண்டாம் என்று அந்தக் களிம்பைக் குப்பையில் எறிவது எளிது. எறிந்தால் நம் மனத்துக்குத் தூய்மை உணர்வு கிடைக்கும். ஆனால் ஹோம்ஸ்பர்க் கைதிக்கு அதனால் என்ன கிடைக்கும்? அவர் பட்ட எரிச்சலில் ஒரு நொடியும் குறையாது. அவர் துன்பத்திலிருந்து விளைந்த ஒரே நன்மையும் வீணாகும். மேலும், இந்த வழியில் புறப்பட்டவர் எங்கே நிற்பார்? 1840களில் அமெரிக்காவின் அலபாமாவில் மருத்துவர் மேரியன் சிம்ஸ், பேறுகால வேதனையால் உடல் கிழிந்து சிறுநீர் ஒழுகும் நிலையில் இருந்த அடிமைப் பெண்களை மயக்க மருந்து இன்றித் திரும்பத் திரும்ப அறுத்து, ஓர் அறுவை முறையைக் கண்டார். அனார்க்கா, பெட்ஸி, லூசி என மூன்று பெண்களின் பெயர்கள் மட்டும் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அவர்கள் உடலில் கற்ற கலை, பின்னர் எத்தனையோ தாய்மாரைக் காத்தது. அந்தத் தாய்மாரை நோக்கி, நீங்கள் குணமாகியிருக்கக் கூடாது என்று எவர் கூறுவார்?

அப்படியானால் மறுபக்கத்துக்குச் சென்று, நடந்தது நன்மைக்கே என்று கூறிவிடலாமா? அதற்கு மூன்று வாதங்கள் வழக்கில் உள்ளன. கைதிகள் இசைந்தார்கள், ஊதியமும் பெற்றார்கள் என்பது முதலாவது. பிணைத்தொகை இல்லாதவரிடம் காசைக் காட்டிப் பெறும் இசைவு எத்தகையது? பசித்தவனிடம் சோற்றைக் காட்டி வாங்கும் கையெழுத்தைப் போன்றது அது. அதுவும், இன்னதற்கு என்று முழுமையாகச் சொல்லாமல் வாங்கியது. காலம் அப்படிப்பட்டது என்பது இரண்டாவது வாதம். ஆனால் காலம் அறியாமல் இருக்கவில்லை. நாசி மருத்துவர்களை விசாரித்த நியூரம்பர்க் நீதிமன்றம், மனிதரிடம் ஆய்வு செய்ய அவருடைய தன்னிச்சையான இசைவு இன்றியமையாதது என்ற நெறியை 1947 இல் முதல் விதியாகவே எழுதி வைத்தது. அதை எழுதியவர்கள் அமெரிக்க நீதிபதிகள். அதற்கு நான்கு ஆண்டு கழித்தே ஹோம்ஸ்பர்க்கின் கதவு ஆய்வுக்குத் திறந்தது.

மூன்றாவது வாதமே வலுவானது: சிலர் பட்ட துன்பத்தால் இலட்சக்கணக்கானோர் நலம் பெற்றனர் அல்லவா? நலம் பெற்றவர்களுள் ஒருவர் என்ற முறையில் நாம் இதை எளிதில் தள்ளிவிட இயலாது. ஆயினும் இந்தத் தராசை உற்று நோக்குவோம். ஒரு தட்டில் இருக்கும் துன்பத்துக்கு உரியவர் வேறு. மறு தட்டில் இருக்கும் நலத்துக்கு உரியவர் வேறு. நம் மூன்று மாத எரிச்சலை நம் பிற்கால நலத்தால் நாம் ஈடுசெய்துகொண்டோம். அது ஒரே மனிதரின் கணக்கு. ஒருவருடைய துன்பத்தை மற்றொருவருடைய நலத்தால் கழித்து எழுதும் உரிமை, துன்பப்பட்டவருக்கு மட்டுமே உண்டு. "என் தோல் எரிந்ததால் ஒரு பிள்ளை தலைநிமிர்ந்து நடக்கிறது என்றால் போகட்டும்" என்று அந்தக் கைதி கூறலாம். அவர் பெயரால் நாம் கூற முடியாது. கடன் வாங்கியவரே கடனைத் தள்ளுபடி செய்துகொள்ளும் வழக்கம் எந்த ஊரிலும் இல்லை.

ஆகவே, நன்மையை ஏற்கலாம்; அதைக் கடனாகவே ஏற்க வேண்டும் என்பது நம் முடிவு. கடன் என்றால் அது திருப்பிச் செலுத்தத் தக்கதாக இருக்க வேண்டும். ஹோம்ஸ்பர்க் கைதிகளுக்கு நேரே செலுத்தும் வாய்ப்பு நமக்கு இல்லை. அவர்களுள் ஏறத்தாழ முந்நூறு பேர் 2000 ஆம் ஆண்டில் தொடுத்த வழக்கு, காலம் கடந்துவிட்டது என்று தள்ளப்பட்டது. பல்கலைக்கழகம் 2021 இலும், பிலடெல்பியா நகர அரசு 2022 இலும் மன்னிப்புக் கேட்டன. அதற்குள் அவர்களுள் பலர் மறைந்துவிட்டிருந்தனர். எனில் நம் கடனை எங்கே செலுத்துவது? அவர்களுக்கு எது மறுக்கப்பட்டதோ, அது இன்று எவருக்கு மறுக்கப்படுகிறதோ, அவரிடத்தில்தான்.

அதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. 1975 இல் அதே கிளிக்மேனும் அவருடைய உடனாய்வாளர் ஒருவரும், டிரெட்டினாயினோடு ஹைட்ரோகுயினோன் என்னும் நிறம் வெளுக்கும் பொருளையும் ஒரு ஸ்டீராய்டையும் சேர்த்து, தோலில் படரும் கருமையைப் போக்கும் கலவை ஒன்றை வெளியிட்டனர். மங்கு எனப்படும் கரும்படைக்கு, மருத்துவரின் மேற்பார்வையில், குறுகிய காலத்துக்குப் பயன்படுத்த வேண்டிய மருந்து அது. அதன் வழிவந்த கலவைகள் நம் நாட்டில் வெள்ளை நிறம் தரும் முகக்களிம்பு என்று எண்ணப்பட்டு, சீட்டு இல்லாமலே மருந்துக்கடைகளில் வாங்கப்பட்டன. பெண் பார்க்க வரும் நாளுக்கு முன் முகம் வெளுக்க வேண்டும் என்று தாய் மகளுக்கு வாங்கித் தருகிறாள்; பக்கத்து வீட்டார் சொன்னார் என்று இளைஞன் வாங்குகிறான். சில வாரம் முகம் பளபளக்கும். பின்னர் தோல் மெலிந்து சிவக்கும், பரு பெருகும், பெண் பிள்ளைகளின் கன்னத்தில் மயிர் அரும்பும், பூசுவதை நிறுத்தினால் முகம் தீப்பட்டதுபோல் எரியும், அதற்கு அஞ்சி மீண்டும் பூசுவார்கள். நம் நாட்டுத் தோல் மருத்துவர்கள் பல ஆண்டுகள் முறையிட்ட பின், 2018 இல் நடுவண் அரசு ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றைச் சீட்டு இன்றி விற்கக் கூடாதவற்றின் பட்டியலில் சேர்த்தது. சட்டம் பட்டியலில் இருக்கிறது. குழாய் இன்னும் பல வீடுகளின் அலமாரியில் இருக்கிறது.

அந்தப் பெண்ணுக்கு நேர்வதையும் அந்தக் கைதிக்கு நேர்ந்ததையும் ஒன்றாக நாம் கருதவில்லை. அவளைச் சுற்றி மதில் இல்லை. ஆனால் தன் தோலில் ஏறுவது என்ன என்று அவளுக்கும் எவரும் சொல்லவில்லை. நிறுத்தும் உரிமை அவளுக்கும் இல்லாமல் போகிறது. கறுப்பு ஒரு குறை என்று அவளிடம் சொல்லிச் சொல்லி வளர்த்த வீடும், நிறத்தைக் கேட்டு வரும் வரனும் அவளிடம் வாங்கும் இசைவு எத்தகையது என்பதையும் நாம் எண்ண வேண்டும். ஊதியம் பெற்றுக்கொண்டு மருந்துச் சோதனைகளுக்குத் தம் உடலைத் தரும் ஏழைகள் நம் நாட்டில் இன்றும் இருக்கிறார்கள். சட்டம் அவர்களுடைய இசைவைக் கேட்கிறது. அந்த இசைவுத் தாளை அவர்கள் மொழியில், அவர்களுக்குப் புரியும்படி, அவசரமின்றி ஒருவர் படித்துச் சொன்னாரா என்பதையும் நாம் கேட்கவேண்டும்.

இந்தக் கடன் செலுத்தத் தொகை பெரிதாக வேண்டியதில்லை. அறிந்தவர் அறியாதவருக்குச் சொல்வது. எரிகிறது என்று ஒருவர் கூறினால் அதை நம்புவது. போதும் என்று கூறினால் நிறுத்துவது. மருத்துவரும், மருந்துக்கடையில் நிற்பவரும், பெற்றோரும், ஆசிரியரும் நாள்தோறும் செய்யக்கூடியது இது. நம் மருத்துவர் அன்று தம் ஐந்து நிமிடத்தைச் செலவிட்டுச் சீட்டின் பின்பக்கத்தில் வரைந்த படம், மருந்தின் விலையில் சேராத ஒன்று. ஹோம்ஸ்பர்க்கில் இருபத்துமூன்று ஆண்டுகளில் பலருக்குக் கிடைக்காதது அந்த ஐந்து நிமிடம்தான்.

அண்மையில் நம் அக்காள் மகள், பதினேழு வயதினள், தனக்கும் தோல் மருத்துவர் இதே களிம்பை எழுதித் தந்திருப்பதாகச் சொல்லி, எப்படிப் பூசுவது என்று கேட்டாள். பட்டாணி அளவையும், அரைமணிக் காத்திருப்பையும், வெயிலுக்குக் காப்பையும், முதல் மாதத்தின் எரிச்சலையும் சொன்னோம். பிற்காலத்தில் பிள்ளைப்பேறு எதிர்நோக்கும் நாளில் இதைப் பூசக்கூடாது என்பதையும் சொன்னோம். பிறகு அந்தச் சிறைச்சாலையைப் பற்றியும் சொன்னோம். சிறிது நேரம் குழாயைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்:

"எரியும்னு இப்ப என்கிட்ட சொன்னீங்களே, அவங்ககிட்ட யாராவது சொன்னாங்களா?"

பலரிடம் சொல்லவில்லை என்றோம். அவள் அன்றிரவு மருந்தைப் பூசிக்கொண்டாள். மறுநாள் அதே களிம்பு வாங்கியிருந்த தன் தோழியைத் தொலைபேசியில் அழைத்து, அது ஏன் எரியும் என்று விளக்கிக்கொண்டிருந்தாள்.